இருநூறு பேரும் ஆறு மணிக்கு வந்தார்கள்

தொழிற்சாலையின் இருநூறு பேரும் மாலை ஆறு மணிக்கு வந்து, அதே ஆறு மணிக்கே வீடு திரும்பியதாக வருகைப்பதிவு காட்டியது.

"வாசல்ல இருக்கிற அக்காதான் ரெண்டு தடவையும் சேர்த்துக் கார்டு தேய்க்கிறாங்க" என்று கூட்டத்தில் கூசாமல் சொன்னான், வருகைப்பதிவுக்கான கணினி நிரலை சி மொழியில் எழுதியவன். அக்காவின் வேலை ஊசலாடியது.

மதியம் நிரலைத் திறந்தவனின் முகம் தீயணைப்பு வண்டி போலச் சிவந்தது. நேரத்தைக் கணக்கிட்டுத் தரும் 'லோக்கல்டைம்' என்ற கட்டளை தன் விடையை எப்போதும் நினைவகத்தின் ஒரே இடத்தில்தான் எழுதும். வந்த நேரத்தை அவன் நகலெடுத்து வைக்கவில்லை. போன நேரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

வாசலுக்குப் போய் முணுமுணுத்தான். "தப்பு என்னோடதுதான்க்கா."

"இங்க வந்து காதுல ஓதினா எப்படி தம்பி? பழிய மட்டும் மேல மைக்கு வச்சில்ல சொன்னீங்க."

கூட்ட அறைக்கு நாற்பது படிகள். நாலாயிரம் ஏறியவன்போல் மூச்சிரைக்க, எல்லோரும் மறுபடி கூடியிருக்கும்போதே கதவைத் தட்டினான்.