எட்டு கொடுத்தும் இரண்டுதான்

செல்லமுத்துவின் கழுத்தெலும்பு உடைந்திருக்கிறதா இல்லையா என்கிற சேதி அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. அதை வெளியே எடுக்கத்தான் எழில்மதியால் முடியவில்லை.

காலையில் வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கிய டெம்போ, ஒரு வளைவில் சரிந்து கவிழ்ந்தது. கிழங்கின் மேல் உட்கார்ந்து வந்த செல்லமுத்து பாறையில் மல்லாக்க விழுந்தான். கள்ளக்குறிச்சியில் டாக்டர் சிவசங்கர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். கழுத்துக்குப் பட்டை போட்டு, தலையிலிருந்து இடுப்புவரை மெல்லிய மெல்லிய துண்டுகளாக ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. பேச்சு தெளிவாக இருந்தது. ஆனால் இடது கால் மரத்துக்கொண்டே வந்தது.

சேலத்து அறுவை மருத்துவர் போனில் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். "படத்தைப் பாக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எலும்பு நகர்ந்திருந்தா, ஒரு குலுக்கல்ல மூச்சே நின்னுடும். முதல்ல படத்த அனுப்புங்க."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த மார்கழி அது. சின்னசேலத்துக்கு இந்தப் பக்கம் மறியல். நெடுஞ்சாலையில் லாரிகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றிருந்தன. மிச்சமிருந்தது வடக்கனந்தல் பக்கமாகச் சுற்றிப்போகும் ஏரிக்கரைப் பாதை. மழைக்குப் பிறகு அதில் மாட்டுவண்டியே ஆடி ஆடித்தான் போகும்.

எழில்மதி மறுபடியும் படத்தைத் திறந்தாள். பாதி ஏறியதும் நின்றது. நினைவகம் போதவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. அவள் அதை மூடினாள்.

ஸ்கேன் மெஷினோடு வந்த மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அது இருந்த கம்ப்யூட்டர் ஒரு மின்னலில் புகைந்துபோனபோது, அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்த எழில்மதியின் கணவன் தமிழ்வேந்தன் புதுப் பெட்டி ஒன்று வாங்கி, அதற்குள்ளேயே பொய்யாக ஒரு பழைய பெட்டியை உண்டாக்கி, அதில் அந்த மென்பொருளைக் குடிவைத்தான். அதற்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். அந்தப் பெயர் அங்கே யார் வாயிலும் சரியாக நுழையவில்லை. வெளியே இருப்பது பெரிய வூடு, உள்ளே இருப்பது சின்ன வூடு என்று தமிழ்வேந்தனே ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான். அதுவே நிலைத்துவிட்டது. அவன் ஆவணியில் கொரோனாவில் போன பிறகு அவனுடைய நாற்காலிக்கு எழில்மதி வந்தாள். அவளும் அதே படிப்புதான் படித்திருந்தாள். ஆனால் அவன் அமைத்துவைத்த எதிலும் இதுவரை கை வைத்ததில்லை. வேலை செய்கிறதைக் கலைப்பானேன் என்று காரணம் சொல்லிக்கொண்டாள்.

"இன்னாம்மா ஆச்சு?" சிவசங்கர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சின்ன வூட்டுக்கு மெமரி கம்மியா கீது சார். தலை மட்டும் எடுத்தா சின்னப் படம், தாங்கும். இது இடுப்பு வரைக்கும். மொத்தமும் ஏறினாத்தான் வெளிய அனுப்ப வுடும்."

"அப்ப ஜாஸ்தி பண்ணு."

"அணைச்சுட்டுத்தான் பண்ண முடியும். திரும்ப எழுந்திருக்க நேரம் புடிக்கும்."

"பண்ணும்மா. அந்தாளு கால் விரலைக் கிள்ளுறேன், லேசாத்தான் தெரியுதுங்கறான்."

அணைத்தாள். அமைப்பைத் திறந்து பார்த்தாள். நாலு ஜிபி கொடுத்திருந்தது. பெரிய வூட்டில் பதினாறு இருந்தது. எட்டாக உயர்த்திவிட்டு ஓடவிட்டாள். பழைய விண்டோஸ் தூக்கத்திலிருந்து எழுப்பிய கிழவனைப்போல முனகிக்கொண்டே வந்தது.

வெளியே பெஞ்சில் செல்லமுத்துவின் மனைவி கமலா உட்கார்ந்திருந்தாள். கிழங்கு மண் காயாத புடவை. மாஸ்க் தாடையில் தொங்கியது. டாக்டரும் எழில்மதியும் பேசியதில் அவள் காதில் விழுந்ததெல்லாம் சின்ன வூடு என்கிற ஒரு சொல்தான். இந்த ஆஸ்பத்திரியில் உயிர் ஊசலாடும்போது இவர்கள் யாரோ ஒருத்தியுடைய குடித்தனத்தைப் பற்றிப் பேசுகிறார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படம் மறுபடியும் பாதியில் நின்றது.

எழில்மதி படத்தை மூடினாள். உள்ளே இருந்த விண்டோஸிடமே கேட்டுப் பார்த்தாள். எட்டு ஜிபி போட்டிருக்கிறது என்றது. பக்கத்திலேயே அடைப்புக்குள், பயன்படுத்த முடிவது இரண்டு என்றது.

எட்டு இருக்கிறது, இரண்டுதான் தொட முடியும். கண் முன்னால் சோறு இருக்க, கை எட்டாதது போல. முப்பத்திரண்டு பிட் விண்டோஸாக இருந்தால் மூன்று சொச்சத்துக்கு மேல் ஏறாது என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பார்த்தாள். இல்லை, அறுபத்துநாலுதான். அதுவும் காரணமில்லை. சரி, கொடுத்தது இன்னும் போதவில்லையோ என்று அணைத்துவிட்டுப் பன்னிரண்டு கொடுத்தாள். எழுந்துவந்தது. பன்னிரண்டு இருக்கிறது என்றது. பயன்படுத்த முடிவது இரண்டு என்றது. இதற்குள் பெரிய வூடே திணற ஆரம்பித்து, மவுஸ் இழுத்த இடத்துக்கு வரவில்லை. திரும்பவும் எட்டுக்கே இறக்கினாள்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ராஜாங்கம் உள்ளே எட்டிப் பார்த்தார். "டாக்டர், ஏரிக்கரை வழியே போலாம்னா இப்பவே கெளம்பணும். அங்கயும் டிராக்டருங்க சேர்ந்துக்கினு கீது. அப்பால அந்த வழியும் கெடயாது."

சிவசங்கர் எழில்மதியைப் பார்த்தார். அவளுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. போகச்சொல்வதும் நிறுத்துவதும் தன் விரலில் வந்து நின்றதை அவள் அப்போதுதான் முழுசாக உணர்ந்தாள்.

"எட்டு குடுத்தேன், பன்னண்டு குடுத்தேன் சார். சின்ன வூட்டுக்கு எவ்ளோ குடுத்தாலும் ரெண்டுதான் எடுத்துக்குது. அதுக்கு மேல வாங்கவே மாட்டேங்குது."

கமலாவுக்குப் பொறுக்கவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து கதவருகே வந்தாள்.

"ஏம்மா, எம் புருசன் அங்க காலு செத்துக்கினு படுத்துகினு கீறாரு. நீங்க இன்னாடான்னா எவளோ சின்ன வூட்டுக்காரிக்கு அள்ளி அள்ளிக் குடுத்துக்கினு நிக்கறீங்க. அவ உள்ளாற தாப்பா போட்டுகினு ரெண்டு போதும்ங்கறான்னா, வெளிய நின்னு மூட்டை மூட்டையா எறக்கி இன்னாத்துக்கு ஆவும்? கதவத் தட்டி, மொதல்ல தாப்பாள எடுக்கச் சொல்லு!"

கமலாவின் ஊர்க்காரரான ராஜாங்கத்துக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஏய் கமலா, அது பொம்பள இல்லடி, மெஷினு" என்றார்.

எழில்மதி சிரிக்கவில்லை. கமலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே தாழ்ப்பாள்.

அவள் இத்தனை நேரமும் வெளியே நின்றுதான் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் யாராவது இதற்கு மேல் வாங்காதே என்று கட்டிப்போட்டிருக்கக் கூடும் என்று நினைக்கவே இல்லை. யாராவது என்ன, உள்ளே போனவன் ஒருத்தன்தான். ஆரம்பத்தில் பெரிய வூட்டிலேயே மொத்தம் நாலு ஜிபிதான் இருந்தது. இந்த மென்பொருள் கண்டதையெல்லாம் விழுங்கிப் பெரிய வூட்டை உறையவைத்துவிடும். இரவெல்லாம் அதோடு மல்லாடிவிட்டு வந்த தமிழ்வேந்தன், தோசைக்கு உட்கார்ந்தபடி, "சின்ன வூட்டை வழிக்குக் கொண்டாந்துட்டேன்டி, இனிமே பெரிய வூடு பட்டினி கெடக்காது" என்று சொன்னது ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா காதில் விழுந்து அவள் ஒரு மாதிரியாகப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. எப்படி வழிக்குக் கொண்டுவந்தான் என்று எழில்மதி கேட்டுக்கொள்ளவில்லை. புது மெமரி வந்தது ஆடியில். அதை வெளியே மாட்டி, சின்ன வூட்டுக்கு நாலு ஒதுக்கினான். உள்ளே போட்டதை எடுப்பதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

சின்ன வூட்டுக்குள்ளே போனாள். விண்டோஸ் எழுந்திருக்கும்போது என்னென்ன செய்யவேண்டும் என்று சொல்லிவைக்கிற இடத்தைத் திறந்தாள். அதில் இன்னும் ஓர் அடுக்கு உள்ளே, யாரும் போகாத ஒரு பக்கம். அதிகபட்ச நினைவகம் என்ற வரிக்கு நேரே டிக் இருந்தது. பக்கத்தில் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு. இரண்டு ஜிபி.

அவன் போட்ட டிக். மவுஸை அதன் மேல் கொண்டுபோனவளுக்கு ஒரு நொடி விரல் அழுந்தவில்லை. பிறகு எடுத்தாள்.

"இன்னும் ஒரு வாட்டி எழுந்திருக்கணும் சார்."

"ராஜாங்கம், வண்டிய எடுக்காதே" என்றார் சிவசங்கர்.

எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கமலாவும் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு ஓரமாக நின்றாள். கறுப்புத் திரையில் கோடு ஓடியது, நின்றது, மறுபடியும் ஓடியது. எழில்மதி அடைப்புக்குறியைத் தேடினாள். அது இல்லை. எட்டு ஜிபி என்று மட்டும் இருந்தது.

படத்தைத் திறந்தாள். பாதி வந்தது. வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டியது. கடைசித் துண்டுவரை ஏறி நின்றது.

சேலத்துக்குப் படம் போய்ச் சேர்ந்ததும் போன் அடித்தது. சிவசங்கர் ஸ்பீக்கரில் போட்டார்.

"கழுத்துல அஞ்சாவது எலும்பு உடைஞ்சிருக்கு. இன்னும் முழுசா நகரலை. ஆபரேஷன் சீக்கிரம் பண்ணா கால் தப்பும். ஆனா மண்ரோடு கூடவே கூடாது. நல்ல ரோட்டுல, மெதுவா, அசையாம கொண்டாங்க. நான் தியேட்டர்ல காத்துக்கிட்டிருக்கேன்."

நல்ல ரோடு என்றால் நெடுஞ்சாலை. நெடுஞ்சாலை என்றால் மறியல்.

"போலீஸ்ல சொல்லிப் பாக்கறேன்" என்று சிவசங்கர் போனைத் திருப்பினார்.

"போலீசு வந்தா அவனுங்களுக்கு வீம்பு ஜாஸ்தியாவும்" என்றாள் கமலா. "எந் தம்பி கொளஞ்சியப்பன் அங்கதான் கொடி புடிச்சிக்கினு குந்திகினு கீறான். நான் பேசறேன்."

அவள் போனில் பேசியதை ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. "டேய், உங்க மாமன் கழுத்து ஒடஞ்சு போச்சுடா. சேலம் போவணும். நம்ம புள்ளைங்க படிக்கத்தானே ரோட்ல குந்திகினு கீறீங்க, இந்தாளு செத்தா எம் புள்ளைய எவன்டா படிக்க வெப்பான்? ஆம்புலன்சுக்கு வழி வுடுவீங்க, தெரியும். வழியில நிக்கற லாரிங்கள எவன் நவுத்துவான்? நீதான் நவுத்தணும். பேசாத, நவுத்து!"

மறுமுனையில் கோஷம் கேட்டது. பிறகு யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

செல்லமுத்துவைப் பலகையோடு தூக்கி ஏற்றினார்கள். ராஜாங்கம் முட்டையை ஏற்றிய வண்டியைப்போல நகர்த்திக்கொண்டு போனார். கமலா முன்னால் ஏறி உட்கார்ந்து, வழி நெடுக தம்பியோடு போனில் கத்திக்கொண்டே போனாளாம். மறியலில் இருந்தவர்கள் லாரிக்காரர்களை எழுப்பி, ஒன்றிரண்டு வண்டிகளைக் கையாலேயே தள்ளி, ஒரு பக்கம் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் தாண்டியதும் திரும்பவும் ரோட்டில் உட்கார்ந்துகொண்டார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆஸ்பத்திரி போனுக்கு ராஜாங்கத்தின் போனிலிருந்து கமலா பேசினாள். எழில்மதிதான் எடுத்தாள்.

"ஆபரேஷனுக்கு உள்ள இட்டுகினு போய்ட்டாங்கம்மா. போறப்ப கால் கட்டை விரலை ஆட்டிக் காமிச்சாரு. டாக்டர் பொழைச்சுக்குவாருங்கறாரு."

"நல்லதுக்கா."

"கோவத்துல இன்னான்னமோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத. அந்த மெஷினை உங்க வூட்டுக்காரரு பண்ணதுன்னு ராஜாங்கண்ணன் சொல்லிச்சு. அவர்கிட்டயும் சொல்லிடும்மா, தப்பா எடுத்துக்க வேணாம்னு."

எழில்மதி ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். ஆவணிக்குப் பிறகு அவன் இல்லை என்கிற சொல்லை அவள் யாரிடமும் தானாகச் சொன்னதில்லை. எல்லாரும் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள்.

"அவரு இல்லக்கா. கொரோனாவுல போய்ட்டாரு."

"காலையிலேர்ந்து எதுனா சாப்டியா?" என்றாள் கமலா.

"இல்லக்கா."

"நானும் சாப்புடலை. இங்க வாசல்ல இட்லி விக்கறாங்க. நான் போய் துன்றேன். நீயும் போய் துன்னு."

எழில்மதி போனை வைத்துவிட்டு எழுந்தாள்.