வாயடைச்சுப் போன கம்ப்யூட்டர்

சத்தமில்லாம இருந்தாத்தான் நிம்மதின்னு இனி எவனாவது எங்கிட்ட வந்து சொல்லட்டும், இருக்கு அவனுக்கு.

எங்க கம்பெனி ஓசூர் தாண்டி, சானமாவு காட்டுக்கு இந்தப் பக்கம். இரும்புச் சாமானைச் சூளையில போட்டுப் பதப்படுத்துற இடம். சூளைக்கு அடியில ஆள் இறங்கிச் சுத்தம் பண்ற குழி ஒண்ணு. அதுல அப்பப்போ கேஸ் கசியும். நிறமில்ல, நாத்தமில்ல, ஆளை அப்பிடியே சாய்ச்சுடும். குழிக்குள்ள இருக்குற கருவி, என் மேசை கம்ப்யூட்டருக்கு வரிவரியா எழுதி அனுப்பிகிட்டே இருக்கும். கேஸ் ஏறினா கம்ப்யூட்டர் டிங் டிங்னு அடிக்கும். நான் கத்துவேன், உள்ள இருக்குறவங்க ஏறி வந்துடுவாங்க. குழி வாயில ஒரு ஆள் நிக்கணும்னு சட்டம் இருக்குது. யார் நிக்கிறா? அந்தச் சத்தம் இருக்கேன்னு எல்லாருக்கும் தைரியம். திரையை நானே பார்க்க மாட்டேன்.

அன்னிக்குக் காலையில கம்ப்யூட்டர் பார்க்குற ஹரீஷ்குமார் வந்தான்.

"அக்கா, ஆடிட்டுக்கு ஆளுங்க வராங்க. இதைப் பாருங்க, வரிக்கு நடுவுல கட்டம் கட்டமா குப்பை."

கறுப்புத் திரையில ஒரே ஒரு கமாண்ட் தட்டினான். படிக்க முடியாத எழுத்து எது வந்தாலும் இனி அது பொறுக்கி எடுத்துடுமாம். வரியெல்லாம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. "சூப்பர்டா"ன்னேன். என் வாயில மண்ணு விழ.

கொஞ்ச நேரத்துல எங்க வீட்டுக்காரர் முனிராஜ் குழிக்கு வந்தாரு. அவருக்கும் அங்கதான் வேலை. "மணி அடிச்சா கூப்பிடு. டீ வந்தாலும் கூப்பிடு, மறந்துடாத"ன்னு சிரிச்சுகிட்டே இறங்கினாரு.

டீ வந்தது. கம்ப்யூட்டர் மூச்சுவிடல. வழக்கமா ஆள் இறங்கினா ஒரு தடவையாவது அடிக்காம இருக்காது.

"ஏன்டா ஹரீஷ், இது ஏன் இன்னிக்கு வாயே திறக்கல?"

"நல்லதுதானே அக்கா? கேஸ் இல்லன்னு அர்த்தம்."

"நீ எடுத்தியே, அது என்ன குப்பை?"

"பழைய காலத்து எழுத்துக்கா. நாம படிக்கிறதுக்கு இல்ல, மிஷினுக்குச் சொல்ற உத்தரவு. அடுத்த வரிக்குப் போ, ஒரு எழுத்து பின்னால வா, மணி அடி..."

"ஐயோ அக்கா, அந்த மணியையும் சேர்த்து எடுத்துட்டேன்"னு திரையைக் காட்டினான். நீக்கின எழுத்து இத்தனைன்னு திரைக்கு அடியில ஒரு எண் ஓடிகிட்டு இருந்தது. நாங்க பார்க்கப் பார்க்க அது ஏறிச்சு.

"அடப்பாவி!"ன்னு எழுந்து ஓடினேன். குழி வாயில குனிஞ்சு கத்தினேன். கீழ சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு.

"மணி அடிக்கலையே ரூபா." நாக்கு குழறிச்சு. "செத்த உக்காந்துட்டு வரேன்."

இறங்கப்போன என்னை சூளை ஆபரேட்டர் ஆஞ்சப்பன் இடுப்போட பிடிச்சு இழுத்துத் தள்ளிட்டாரு. மூச்சுக்கருவி மாட்டிகிட்டு அவர்தான் இறங்கி, கயிறு கட்டி மேல ஏத்தினாரு.

இப்ப ஆஸ்பத்திரியில கிடக்குறாரு, எங்க வீட்டுக்காரர். இன்னும் கண்ணு திறக்கல. ஹரீஷ் வெளிய வராண்டாவுல தலையைக் கவுத்துகிட்டு நிக்கிறான். அவனைக் கிழி கிழின்னு கிழிக்கணும்னு வருது. ஆனா சூப்பர்டான்னு சொன்ன வாய் இது, எந்த மூஞ்சியோட திட்டுவேன்?

தலைமாட்டுல ஒரு மிஷின். மூச்சு குறையிறப்பெல்லாம் அது டிங் டிங்னு அடிக்குது. இப்பத்தான் நர்ஸம்மா உள்ள வந்தாங்க.

"பாவம், நீங்க ரெண்டு நாளா தூங்கலையே. சத்தத்தை நிறுத்தி வைக்கட்டுமா?"

பொத்தான்கிட்ட விரல் போயிடுச்சு. நான் பாஞ்சு அவங்க கையைப் பிடிச்ச வேகத்துல, என் கண்ணாடி வளையல் உடைஞ்சு தரையில சிதறிடுச்சு. ரெண்டு பேரும் அதையே பார்த்தோம். மிஷின் அடிச்சுகிட்டே இருந்தது.