உறை போட்ட தியாகி

எங்கள் வீட்டுக்குப் பின்னால், மண்ணுக்கடியில், ஒரு கேஸ் டேங்க் படுத்திருக்கிறது. தின்று கொழுத்த எருமை ஒன்று கால்களை மடக்கிப் படுத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. வெளியே தெரிவது அதன் மூக்கு மாதிரி ஒரு சின்ன மூடி மட்டும்தான். உள்ளே இருக்கும் புரொபேன் குழாய் வழியாக வந்து என் மனைவியின் பேக்கரி அடுப்பில் எரிகிறது. அவள் சுடும் பன் மிகவும் லேசு. காற்று வீசும் நாட்களில் தட்டின் மேல் எதையாவது கவிழ்த்து வைத்தால்தான் தங்கும். ஒரு முறை கவனக்குறைவாக விட்டதில் ஒரு தட்டு பன் கூரையைத் தாண்டிப் போய்விட்டது. பக்கத்துத் தெருக்காரர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை.

மண்ணுக்கு இரும்பு என்றால் கொள்ளை ஆசை. அதனால்தான் டேங்குக்குக் கெட்டியாகக் கறுப்புப் பூச்சு பூசிப் புதைக்கிறார்கள். ஆனால் பூச்சில் ஒரு கீறல் இருந்தால் போதும், மண் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நக்க ஆரம்பித்துவிடும். எங்கள் தெருக் கோடியில் சலவைக் கடைக்காரர் இதைக் கவனிக்காமல் விட்டார். அவர் டேங்கில் துரு ஓட்டை போட்டு, அதன் வழியாக மண்புழு ஒன்று தலையை நுழைத்துப் பார்த்திருக்கிறது. கேஸ் வாடை தாங்காமல் அன்றைக்கே குடும்பத்தோடு எங்கள் பக்கம் குடிவந்துவிட்டது. எனக்கு இந்த விவரமெல்லாம் அப்படித்தான் தெரியும்.

இதற்குக் கேஸ் கம்பெனிக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டேங்குக்குப் பக்கத்தில் மெக்னீசியக் கட்டி ஒன்றைப் புதைத்து, இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்துவிடுவார்கள். கட்டி கரையக் கரைய அதிலிருந்து கொஞ்சம் மின்சாரம் கம்பி வழியாக டேங்குக்குப் போகும். மண் பசியெடுத்தால் முதலில் அந்தக் கட்டியைத்தான் தின்னும். கட்டி இருக்கும்வரை டேங்கைத் தொடாது. அடுத்தவனுக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்வதால் எங்கள் வீட்டில் அதற்குத் தியாகி என்று பெயர்.

எங்கள் பழைய தியாகி கடமையை முடித்துக்கொண்டு கரைந்து போனார். கம்பி மட்டும் மிஞ்சியது. கம்பெனியிலிருந்து புதிய தியாகி பார்சலில் வந்து இறங்கினார். வெள்ளைத் துணிப்பைக்குள் களிமண் தூளுக்கு நடுவில் கட்டி, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை. புதைக்க ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். என் மச்சினன் விடவில்லை. அக்காவின் டேங்குக்கு ஊரான் எதற்கு, நானே செய்கிறேன் என்று மண்வெட்டியோடு வந்து நின்றான்.

மச்சினனுக்குத் தொழில் சோபா தைப்பது. சோபாவைவிட சோபாவுக்கு மேல் போடும் பிளாஸ்டிக் உறையில்தான் அவன் கைதேர்ந்தவன். தெருவில் அவனுக்குப் பெயரே கவர். என் மனைவி வீட்டு வழக்கம் அது: புதிதாக வந்த பொருளின் மேலுறையைப் பிரிக்க மாட்டார்கள். எங்கள் சோபா கல்யாணத்துக்கு வந்த சீர். இன்றுவரை உறையோடுதான் இருக்கிறது. கோடையில் அதில் உட்கார்ந்தவர்களை இரண்டு பேர் பிடித்து இழுத்தால்தான் எழுப்ப முடியும். வேண்டாத விருந்தாளியாக இருந்தால் கஷ்டம், போக மாட்டார். டிவி ரிமோட்டுக்கு உறை, சுவர்க் கடிகாரத்துக்கு உறை. மச்சினனின் கைக்கடிகாரக் கண்ணாடி மேல் கடையில் ஒட்டிய தாள் அப்படியே இருக்கும். அதில் பத்து மணி பத்து நிமிடம் என்று முள் அச்சிட்டிருப்பதால் அவனுக்கு எப்போதும் பத்து பத்துதான். அவன் எங்கேயும் தாமதமாகப் போனதாக அவனுக்கு நினைவில்லை.

அவன் தியாகியைப் புதைத்த அன்று நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். முடித்துவிட்டு வந்து, "மாமா, இனி டேங்க் நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்" என்றான். எங்களுக்குப் பிள்ளையே இல்லை. இருந்தாலும் கேட்க இதமாக இருந்தது.

சில மாதம் கழித்து, கேஸ் கம்பெனியிலிருந்து பரிசோதனைக்கு ஒரு பெண் வந்தார். தெருவே அவரை மீட்டரம்மா என்று கூப்பிடும். நல்ல உயரம், சிரிப்பை அளந்து செலவழிப்பவர். கையில் மயில்துத்தத் தண்ணீர் நிரப்பிய ஒரு குழாய். அதன் அடிப்பக்கம் ஈரம் கசியும். டேங்குக்கு மேல் மண்ணை நனைத்து, குழாயை அதில் ஊன்றி, ஒரு கம்பியைக் குழாயிலும் இன்னொன்றை டேங்கிலும் மாட்டி, தியாகியின் மின்சாரம் டேங்குக்கு வருகிறதா என்று மீட்டரில் பார்ப்பார். இந்தப் பரீட்சையில் பூஜ்யத்துக்குக் கீழே போனால்தான் பாஸ். மைனஸ் எண்ணூற்று ஐம்பது மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்க வேண்டும். என் காலத்துப் பள்ளிக்கூடத்தில் இந்த முறை இருந்திருந்தால் எனக்குச் சிலை வைத்திருப்பார்கள்.

மீட்டர் மைனஸ் ஐந்நூற்றுச் சொச்சத்தில் நின்றது. அசையவில்லை.

மீட்டரம்மா பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தார். அதை மூடியில் மாட்டினால் கேஸ் லாரிக்காரன் கிட்டேயே வர மாட்டான். என் மனைவியின் முகத்தில் மாவுக்கு மேலும் ஒரு வெளுப்பு ஏறியது. காரணம் உண்டு. ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு பன் கொடுக்க அவள் எவ்வளவோ நாளாக நடையாய் நடந்து, அப்போதுதான் ஆர்டர் கிடைத்திருந்தது. மறுநாள் காலை முதல் சரக்கு. டேங்கிலோ ஒரு கொட்டாவிக்கு ஆகும் கேஸ்கூட இல்லை.

"சாயங்காலம் லாரி வருது. நீங்க இதை மாட்டினா அவன் இறக்காம போயிடுவான். நாளைக்குக் காலைல நோயாளிங்களுக்கு நான் என்னத்தைக் குடுக்கறது, பச்சை மாவையா?" என்றாள்.

"நான் என்னம்மா பண்றது, மீட்டர் சொல்றதைத்தான் நான் சொல்ல முடியும்" என்றார் அவர். பிறகு மனசு இளகி, தெருவில் மற்ற டேங்குகளையும் பார்த்துவிட்டு மதியம் திரும்பி வருவதாகவும், தியாகிக்கு ஈரம் பிடிக்கும் என்பதால் நன்றாகத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

ஊற்றினோம். வாளி, குடம், அண்டா எல்லாம் ஊற்றினோம். எங்கிருந்தோ இரண்டு தவளைகள் வந்து இடத்தைச் சுற்றிப் பார்த்து, தங்களுக்குள் பேசிக்கொண்டு, வீடு பிடித்துவிட்டது போல உட்கார்ந்துவிட்டன. நான் மூடியைத் திறந்து கம்பியை இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. மச்சினன் தன் பங்குக்கு அளவு நாடாவோடு வந்தான். டேங்கைத் தோண்டி எடுத்துத் தந்தால் சாயங்காலத்துக்குள் அதற்கே ஒரு கவர் தைத்துவிடுவதாகச் சொன்னான். என் மனைவி அவனைப் பார்த்த பார்வையில் நாடா தானாகச் சுருண்டுகொண்டது.

மதியம் மீட்டரம்மா வந்தார். அதே ஐந்நூற்றுச் சொச்சம். கம்பியில் இன்னொரு மீட்டரை வைத்துப் பார்த்தார். தியாகியிடமிருந்து டேங்குக்கு ஒரு துளி மின்சாரமும் வரவில்லை. உள்ளே வந்து, சிவப்பு அட்டையில் தேதி எழுதுவதற்காகச் சோபாவில் உட்கார்ந்தார். எழுதி முடித்து எழப் பார்த்தார். சோபா விடவில்லை. நானும் மச்சினனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். பழைய துணி கிழிகிற சத்தத்தோடு அவர் வெளிப்பட்டார்.

நின்ற இடத்திலேயே சோபாவைப் பார்த்தார். ரிமோட்டைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியாக மச்சினனின் மணிக்கட்டைப் பார்த்தார்.

"கட்டியைப் புதைச்சது யாரு?"

"நான்தாங்க" என்று மச்சினன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"மேலே இருந்த பிளாஸ்டிக்கைப் பிரிச்சீங்க இல்ல?"

மச்சினன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "பிரிக்கிறதா? புதுசுங்க அது. வந்த உறை வேற மெல்லிசா இருந்துச்சு. அதுக்கு மேல நல்ல கனத்துல நானே ஒண்ணு தைச்சுப் போட்டேன். ஜிப் வச்சு."

அடுப்புகூடப் பேசவில்லை, அதற்குக் கேஸ் போதவில்லை. மீட்டரம்மா மெதுவாக விளக்கினார். துணிப்பையோடு புதைக்க வேண்டும், பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டுப் புதைக்க வேண்டும், மண்ணின் ஈரம் தொட்டால்தான் கட்டி கரையும், அது கரைந்தால்தான் டேங்க் பிழைக்கும். ஊற்றிய அத்தனை தண்ணீரும் தியாகியின் ரெயின்கோட் மேல் வழிந்து போயிருக்கிறது.

தோண்டினோம். தவளைகள் முனகிக்கொண்டே ஒதுங்கின. தியாகி வெளியே வந்தார். தடித்த கண்ணாடி பிளாஸ்டிக், ஓரத்தில் இரட்டைத் தையல், பித்தளை ஜிப். உள்ளே தும்பைப்பூ மாதிரித் துணிப்பை, ஈரத்தின் வாசம்கூட இல்லை. நேற்றுத்தான் பிறந்தவர் மாதிரி இருந்தார்.

மச்சினனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியாக்கா, ஒரு கீறல் இல்ல."

"கீறல் இல்லாததுதான்டா வினை" என்று என் மனைவி ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். நகரவில்லை. துரு ஏறாமல் இருக்க அதற்கு மெழுகு தடவியிருந்தான், அது இறுகிவிட்டது. அவள் இடுப்பிலிருந்த மாவு வெட்டும் கத்தியை எடுத்தாள்.

"அக்கா, கிழிக்காத. இந்த மாதிரித் தையல் இனி எனக்கே வராது."

அவள் கத்தியை ஓங்கியபடி ஒரு நொடி நின்றாள். தம்பி வேலைப்பாடு அவளுக்கும் தெரியும். பிறகு ஆஸ்பத்திரியை நினைத்துக்கொண்டாள் போல. மேலிருந்து கீழே ஒரே வகிடு. அவன் தைத்ததும் கம்பெனி போட்டதும் சேர்ந்து இரண்டாகப் பிரிந்தன.

தியாகியைத் துணிப்பையோடு குழியில் இறக்கி, மண் தள்ளித் தண்ணீர் ஊற்றினோம். மீட்டரம்மா குழாயை ஊன்றினார். செய்தி பரவித் தெருவே வேலியோரம் வந்து நின்றது. மீட்டர் ஐந்நூற்றிலிருந்து கிளம்பியது. அறுநூறு. எழுநூறு. எல்லோரும் கீழே, கீழே என்று கத்தினார்கள். ஒரு குடும்பம் கீழே போக வேண்டும் என்று ஊரே ஒரு மனதாக வாழ்த்தி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சலவைக் கடைக்காரர் எக்கி எக்கிப் பார்த்ததில் வேலி சாய்ந்தது. எண்ணூறு. எண்ணூற்று நாற்பது. அங்கே நின்றுவிட்டது.

லாரியின் ஹாரன் தெருமுனையில் கேட்டது. மீட்டரம்மா சிவப்பு அட்டையை மறுபடி கையில் எடுத்தார். என் மனைவி முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். ஊற்றுவதற்கு வீட்டில் தண்ணீர் மிச்சமில்லை.

மச்சினன் கிழிந்த உறையை மார்போடு அணைத்தபடி குழியின் விளிம்பில் நின்றிருந்தான். தையலைத் தடவிப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, நேராகத் தியாகியின் தலைக்கு மேலிருந்த மண்ணில். அது உறைக்கான அழுகையா, அக்காவுக்கான அழுகையா என்று நான் கேட்கவில்லை.

எண்ணூற்று ஐம்பத்து மூன்று.

உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும் என்பது விஞ்ஞானம். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. மீட்டரம்மா அட்டையைப் பைக்குள் போட்டுவிட்டு, அளந்து வைத்திருந்த சிரிப்பில் ஒரு பங்கைச் செலவழித்தார். லாரிக்காரன் குழாயை இறக்கினான். தெரு கலைந்தது. தவளைகள் திரும்பி வந்தன.

அத்தனை மாதம் சும்மா கிடந்த வேகம் தியாகிக்கு. டேங்கைக் காப்பாற்றியதோடு நிற்கவில்லை. அந்த வாரமே எங்கள் கேட்டின் துரு உதிர்ந்தது. தோட்டத்தில் தொலைந்த ஆணியெல்லாம் பளபளவென்று மேலே வந்து கிடந்தன. படியிறங்கும்போது கிரீச்சிட்டுக்கொண்டிருந்த என் இடது முட்டி ஓசை அடங்கிவிட்டது. வலது முட்டி டேங்குக்குக் கொஞ்சம் தூரம், அதனால் அதற்கு இன்னும் எட்டவில்லை.

லாரி வந்த மறுநாள் காலை பன் ஆஸ்பத்திரிக்குப் போனது. தட்டுகளை நான் கயிற்றால் கட்டித்தான் அனுப்பினேன். அதைத் தின்ற நோயாளிகள் கட்டிலிலிருந்து கொஞ்சம் உயர்ந்ததாகவும், கேன்டீன்காரர் உடனே அடுத்த வாரத்துக்கும் சொல்லிவிட்டதாகவும் தகவல் வந்தது. மனைவி வீட்டுக்குள் வந்து, அதே கத்தியால் சோபா உறையை ஒரு கீறு கீறினாள். இத்தனை வருடமாக நான் சாம்பல் நிறம் என்று நம்பியிருந்த சோபா நல்ல கிளிப்பச்சை. யார் வீட்டுக்கோ வந்துவிட்டோம் என்று நினைத்துச் செருப்பைத் தேடினேன்.

அடுப்பிலிருந்து வந்த முதல் பன்னை அவள் தம்பிக்கென்று தனியே எடுத்து வைத்திருந்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஆவி பறந்தது.

"தின்னுடா" என்றாள்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "புதுசா இருக்கேக்கா" என்றான்.

அந்தப் பன் இன்றைக்கும் அவனிடம் இருக்கிறது. கனமான கண்ணாடி பிளாஸ்டிக், இரட்டைத் தையல், பித்தளை ஜிப். போன வாரம்கூட எனக்குக் காட்டினான். ஒரு கீறல் இல்லை.