கட்டுக்கும் ஆக்‌ஷனுக்கும் நடுவே

நான்காவது எடிட்டிங் மென்பொருளையும் அவன் கணினியிலிருந்து தூக்கிவிட்டான். முதலாவது மாதாமாதம் சந்தா கேட்டது. இரண்டாவது இலவசம்தான், ஆனால் முடித்துக் கொடுத்த படத்தின் குறுக்கே தன் பெயரைப் பட்டையாக அச்சடித்துவிட்டது. மூன்றாவதைத் திறந்தாலே அந்தப் பழைய கணினிக்கு மூச்சு வாங்கியது. ஒரு காட்சியை வெட்டுவதற்குள் திரை உறைந்து நின்றுவிடும். நான்காவதில் குறையே இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, எழுத்துகள் பொடியாகத் தெரிகின்றன என்று தனக்குத் தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அதையும் அழித்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிற வேலை அவனுக்கு. கடையில் எல்லோரும் ‘டைரக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி கேலி, பாதி பிரியம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் மென்பொருள்களை ஒப்பிட்டுப் பேசும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுவான். எதில் நிறத்தைச் சரிசெய்வது சுலபம், எது குறைந்த மெமரியில் ஓடும் என்று யார் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவான். அவனிடம் யோசனை கேட்டுப் போனவர்கள் இரண்டு பேர் தங்கள் குறும்படங்களை முடித்து வெளியிட்டே விட்டார்கள். அவன் படம் மட்டும் ஒன்றரை வருடமாக ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தது.

நாற்பது நிமிடப் படம். அற்ப விஷயத்துக்குப் பேச்சை நிறுத்திக்கொண்ட கணவனும் மனைவியும் ஒரே வீட்டுக்குள் ஒரு பகலைக் கழிப்பதுதான் கதை. நடிகர்களுக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற அக்காவையும், லிஃப்ட் மெக்கானிக்கான அத்தானையும் நிறுத்தினான். அவர்கள் குடியிருந்த இரண்டு அறை வீடுதான் படத்திலும் வீடு. இரவல் கேமரா. ஜன்னல் வெளிச்சத்தை மிருதுவாக்கக் கட்டிலில் இருந்து உருவிய வெள்ளைப் போர்வை. பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்தார்கள். “ஒருத்தரை ஒருத்தர் பாக்காதீங்க, முகத்துல எதையும் காட்டாதீங்க” என்று பதினோரு வாரமும் படித்துப் படித்துச் சொன்னான். இருவரும் அசத்திவிட்டார்கள்.

படப்பிடிப்பு முடிந்த மூன்றாம் மாதம் அத்தான் வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. யார் கேட்டாலும் இருவரும், “ஒண்ணுமில்ல, அப்படித்தான்” என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கோ நெஞ்சில் முள் தைத்தாற்போல் ஆகிவிட்டது. சொல்லிக்கொடுத்தவன் அவன்தானே? மென்பொருளைத் திறப்பான், அத்தான் சட்டைப் பொத்தானைப் போடுகிற முதல் காட்சி வரும், மூடிவிடுவான். பிறகு மென்பொருள் சரியில்லை என்பான்.

அக்கா ஒருநாள் கடைக்கே வந்து நின்றாள். பவர் கூடியிருந்தது. சீட்டை அவனிடம் நீட்டிவிட்டு, “கண்ணாடி எப்ப கிடைக்கும்?” என்றாள்.

“ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே கொண்டு வந்து தர்றேன்.”

“வேணாம், நானே உன் ரூமுக்கு வர்றேன். புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டு முதல்ல நம்ம படத்தைத்தான் பாக்கணும்.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. “சாஃப்ட்வேர் ஒண்ணும் செட்டாகலக்கா…”

“சமைக்க உக்காந்தவன் கரண்டியைப் பத்தி ஒன்றரை வருஷமா யோசிப்பானாடா? எது ஒழுங்கா திறக்குதோ அதுல வெட்டு.”

அழித்த நான்காவதையே திரும்ப ஏற்றினான். ஞாயிறு காலை அக்கா வந்து, புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாற்காலியை அவனுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் சுட்டியைத் தொடவில்லை. மனதில் கிடந்தது வாய்வழியே வந்துவிட்டது.

“நான்தான்க்கா கெடுத்துட்டேன். பாக்காதீங்க, காட்டாதீங்கன்னு பதினோரு வாரம்…”

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு வரும்போல இருந்தது அவளுக்கு, வரவில்லை.

“நீ சொல்லிக்குடுத்தா எங்களுக்கு வந்துச்சு? கேமராவைத் தூக்கிக்கிட்டு நீ வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே அந்தப் பாடம் எங்களுக்கு மனப்பாடம்டா. நீ வந்தப்பதான் பேசிக்கிட்டோம். நீ கட்டுன்னு சொல்லி மறுபடி ஆக்‌ஷன்னு சொல்றதுக்குள்ள. அதெல்லாம் பதிவாயிருக்கா, தூக்கிப் போட்டுட்டியா?”

அவன் எதையும் தூக்கிப் போட்டிருக்கவில்லை, பார்த்ததும் இல்லை. நல்ல டேக்குகளை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைக் கழிவு என்று ஒரு போல்டரில் தள்ளியிருந்தான். இப்போது அதைத் திறந்தார்கள். கேமரா தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது. கால்கள் மட்டும் தெரிகின்றன. அத்தான் குரல் கேட்கிறது: “நின்னு நின்னு கால் வலிக்குதா?” அக்கா குரல்: “ஆஸ்பத்திரியில நிக்கிறதை விடவா?” இன்னொன்றில் போர்வை சரிந்து அத்தான் தலையில் விழுகிறது, பேய் வருவதுபோல் கையை விரித்துக்கொண்டு அவர் வர, அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். “ரெடியா? ஆக்‌ஷன்” என்று அவன் குரல் வந்ததும் இருவர் முகமும் கதவு சாத்தினாற்போல் மூடிக்கொள்கிறது. அத்தனை ஞாயிறும் பக்கத்திலேயே நின்றிருந்தும் இது தன் கண்ணில் படவில்லையே என்று அவன் அதை முதலிலிருந்து மறுபடி ஓட்டினான்.

“இதைச் சேத்துடட்டுமாக்கா? படமே வேற மாதிரி ஆயிடும்.”

“கூடாது.” கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். “படத்துக்கு நடிச்சது உனக்கு. இது எங்களுது.”

அப்புறம் வேலை ஓடியது. அடுத்தடுத்த மூன்று ஞாயிறும் அக்கா வந்தாள். எங்கே வெட்ட வேண்டும் என்பது அவனைவிட அவளுக்குச் சரியாகத் தெரிந்தது. “இதுக்கு மேல அந்தம்மா அங்க நிக்க மாட்டா, வெட்டு” என்பாள், தான் நடித்த பாத்திரத்தை யாரோ போல. கடைசியில் ஒரே ஒரு சிக்கல் நின்றது. படத்தில் கணவன் பேசுகிற ஒரே வசனம் முழுக்கப் பக்கத்து வீட்டு டிரில்லிங் சத்தத்தில் மூழ்கியிருந்தது. எந்த மென்பொருளாலும் அந்தச் சத்தத்தைப் பிரிக்க முடியவில்லை. அத்தானே வந்து மறுபடி பேசினால்தான் உண்டு.

“நீயே கூப்பிடு. நான் இருப்பேன்னும் சொல்லிடு. அப்புறம் வர்றதும் வராததும் அவர் இஷ்டம்” என்றாள் அக்கா.

அத்தான் வந்தார். வேலைச் சட்டையோடு, மேலதிகாரி அறைக்குள் வருபவர்போல வாசலிலேயே நின்றார். “வாங்க அத்தான், உள்ள வாங்க” என்றான். அக்கா நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள். “இளைச்சிட்டீங்க” என்றாள். “லிஃப்ட் ரிப்பேர்ல இருந்தா மெக்கானிக்தானே படி ஏறணும்” என்றார். 

சத்தம் வராமல் இருக்க ஜன்னலை அடைத்து மின்விசிறியை நிறுத்தினான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கை அத்தான் வாயருகே வைத்தான். திரையில், குப்பைப் பை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நிற்கும் கணவன் திரும்பி உதட்டை அசைக்கிறான். வசனம் இவ்வளவுதான்: “கதவைச் சாத்திக்கோ. வந்துடறேன்.”

முதல் தடவை குரல் உதட்டுக்கு முந்திக்கொண்டது. இரண்டாம் தடவை பிந்தியது. மூன்றாம் தடவை உதடு சேர்ந்தது, ஆனால் செய்தி வாசிப்பதுபோல இருந்தது. அத்தானுக்கு வியர்த்து ஊற்றியது. “என்னால ஆகாதுப்பா, வேற யாரையாவது வச்சுப் பேச வச்சுக்க” என்றார். அவன் கையைப் பிசைந்தான். யாரும் எதிர்பார்க்காதபோது அக்கா சுவரோரத்திலிருந்து படத்தில் தனக்கு முன்னால் வரும் வசனத்தைச் சொன்னாள். சத்தமாகக்கூட இல்லை.

“எங்க போறீங்க?”

அத்தான் திரையைப் பார்க்கவே இல்லை. “கதவைச் சாத்திக்கோ” என்றார். கொஞ்ச நேரம் ஆனது. “வந்துடறேன்.”

உதடு பொருந்தவில்லை. இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே இடைவெளி அதிகம். திரையில் இருந்தவன் எப்போதோ வெளியே போயிருந்தான். ஆனாலும் இதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. திரையில் கணவனை வாசற்படியில் இன்னும் சிறிது நேரம் நிறுத்திவைத்தால் போதும். படத்தைக் குரலுக்காக நீட்டிக்கொள்ளலாம். “கட்” என்று சொல்ல வாயெடுத்தவன், அதைச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினான்.

அத்தான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். “அப்ப நான் கிளம்பறேன்.” அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “நானும் பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் போறேன்” என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். கதவைத் திறந்துபோட்டுவிட்டு இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கினார்கள்.

அவன் கணினிப் பக்கம் திரும்பினான். பதிவை நிறுத்த மறந்திருந்தான். திரையின் அடியில் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலடிக்கும் ஒரு சின்ன முள்ளாக எழும்பியது. மாடி இறங்க இறங்க முள் குட்டையானது. பாதிப் படியில் காலடிகள் நின்றன. கோடு நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டான். வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. பிறகு கோடு ஒரே ஒரு இடத்தில் லேசாகப் புடைத்தது. இருமலாக இருக்கலாம், சிரிப்பாகவும் இருக்கலாம். நிறுத்தும் பொத்தானின் மேல் விரலை வைத்தபடி, அழுத்தாமல், கோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.