கைப்பட எழுதிக் கொடுத்தது

காவல் நிலைய எழுத்தர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். எழுத வேண்டிய வாசகத்தையும் அவரே சொன்னார்: "நான் கிறிஸ்தவ விசுவாசத்தை முழு மனதுடன் விட்டுவிட்டேன்."

கண்ணாடிக்காரர் பேனாவைத் திறந்தார். தன் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், தடையை மீறி ஜெபக்கூட்டம் நடத்தியவர் அவர்தான். போலீஸ் பிடிக்க வந்த அன்று அவர் லென்ஸ் வாங்கப் போயிருந்தார். அகப்பட்டவர்கள் ஆறு பேர். அதில் ஒருத்தி அவருடைய தங்கை, இன்னொருவர் அவள் புருஷன். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி. பதினோரு நாளாக மருந்தில்லாமல் கால் விரல் கறுத்துவிட்டதாகத் தகவல். கூட்டம் நடத்தியவர் கைப்பட எழுதிக் கொடுத்தால் ஆறு பேரையும் இன்றே விடுவார்கள். இல்லாவிட்டால் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

எழுதி நீட்டினார். எழுத்தர் முகம் சுளித்தார்.

"மேல என்ன சார் இது?"

தாளின் உச்சியில், நட்டநடுவில், சின்னதாய் ஒரு சிலுவை.

எழுத்துக் கூட்டிப் படித்த நாளிலிருந்து வந்த பழக்கம். கடிதமோ, பரீட்சைத் தாளோ, லென்ஸ் அளவுச் சீட்டோ, எதுவானாலும் முதலில் மேலே ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் அவருக்கு எழுத்தே வரும்.

"சிலுவையைப் போட்டு, கீழ விட்டுட்டேன்னு எழுதியிருக்கீங்க. இதை எடுத்துட்டுப் போனா அதிகாரி என்னையத் தூக்கி உள்ள போடுவாரு. இந்தாங்க, வேற தாள்."

இரண்டாவது தாளில் எழுத்தெழுத்தாகக் கவனித்து எழுதினார். முடித்துவிட்டு நிமிர்ந்தால், மேலே மறுபடியும் அது நின்றது. எப்போது போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டார். "கைக்கு ஒரு மதம், உங்களுக்கு ஒரு மதமா? ஒரு மணிக்கு அதிகாரி கிளம்பிருவாரு. அப்புறம் திங்கக்கிழமைதான், சொல்லிட்டேன்."

மணி பன்னிரண்டு ஐம்பது. கண்ணாடிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுத்தர் மேல் அல்ல. 'ஆறு உயிர் ஊசலாடுது. இப்பப் போய் உனக்கு மரியாதை கேக்குதா?' என்று பல்லைக் கடித்தார். யாரோடு சண்டை பிடிக்கிறோம் என்று யோசிக்க நேரமில்லை. இடது உள்ளங்கையால் தாளின் உச்சியை அழுத்தி மூடிக்கொண்டு, கோணல்மாணலாக எழுதி முடித்தார். கையை எடுத்ததும் மேலே வெறுமையாக இருந்த இடம் கண்ணை உறுத்தியது.

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே" என்றார் எழுத்தர்.

நாலு மணிக்கு ஆறு பேரும் வெளியே வந்தார்கள். மாப்பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கப் போனவரின் கையைத் தங்கை தட்டிவிட்டாள்.

"எங்களுக்காகன்னு சொல்லாதண்ணே. நாங்க கேட்டோமா? பதினோரு நாள் பல்லக் கடிச்சிட்டுக் கெடந்தோம். ஒரு தாள்ல எல்லாத்தையும் கவுத்துட்டியே!"

"அவன் கால் போயிருக்கும்டி."

"போனாப் போகட்டும்னு அவரே சொன்னாரு."

மாப்பிள்ளை மச்சானின் தோளில் கையை ஊன்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

"தாள்லதானே எழுதினேன்? மனசுல விட்டேனா?"

"அதை நான் எப்படிண்ணே பார்க்கிறது?" என்றாள் தங்கை. அவள் கண் கலங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, இப்போது கூட்டம் நடக்கும் தங்கை வீட்டு மாடிக் கதவைத் தட்டினார். அவள் பாதிக் கதவைத்தான் திறந்தாள்.

"இன்னைக்கு வேணாம்ண்ணே. மத்தவங்க சங்கடப்படுறாங்க."

உங்கள் கூட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று முணுமுணுத்தபடி இறங்கினார். தெருவைப் பார்த்திருந்த கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே தாழ்ந்த குரலில் பாட்டு தொடங்கியது. அடுத்த வரி நாக்கு நுனிக்கு வந்தது. சனியன் என்று வாயை இறுக மூடிக்கொண்டார். அப்போது தெருமுனை திரும்பி வந்த காவலர் ஒருவர் அவர் முன்னால் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன கண்ணாடிக்காரரே, இங்க உக்காந்திருக்கீங்க? மேல என்ன சத்தம்?"

"தங்கச்சி வீடு சார். ரேடியோ."

காவலர் அண்ணாந்து பார்த்தார். ஒரு காலைப் படியில் வைத்தார். "நீங்கதான் எழுதிக் குடுத்துட்டீங்களே. நெசமாவே விட்டுட்டீங்கல்ல?"

ஆமாம் என்று தலையாட்டினால் காவலருக்குப் போதாது. வாயால் சொன்னால் மேலே கேட்கும், ஜன்னல் திறந்திருக்கிறது.

"விட்டுட்டேன் சார்" என்றார், தெளிவாக.

மேலே பாட்டு சட்டென்று நின்றது. காவலர் காலை எடுத்தார், சைக்கிளை மிதித்தார், போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் எழுந்து படியில் ஒரு காலை வைத்தார். ஏறிப் போய் என்னவென்று சொல்வது? ஆறு பேருக்காக எழுதினேன், இப்போது உங்களுக்காகச் சொன்னேன், அடுத்த வாரமும் சொல்வேன் என்றா? கேட்டால்தானே சொல்வதற்கு! காலைக் கீழே இறக்கினார்.

சற்று நேரம் கழித்து, இன்னும் தாழ்ந்த குரலில், பாட்டு முதல் வரியிலிருந்து தொடங்கியது. யாரும் அவரைக் கூப்பிட இறங்கி வரவில்லை. எரிச்சலோடு படியில் மறுபடி உட்கார்ந்து, கண்ணைத் தெருமுனையில் வைத்தார்.