மேஜையைத் தட்டிய அண்ணன்

எங்கள் மனமகிழ் மன்றத்தில் பணம் வைத்து ஆடக்கூடாது. உறவை வைத்துத்தான் ஆட வேண்டும். ஒரு தடவைக்கு ஓர் உறவு; ஏற்றினால் இன்னொன்று. அதற்கு மேல் வைப்பவரைச் செயலாளர் கண்டிப்பார்.

ஆறு பேர் ஆடும் மேஜையில் அன்று மூன்று பேர்தான். நான், என் அண்ணன் தவசிமுத்து, செயலாளர் கோமதிநாயகம். செயலாளர் தன் கடைசி உறவையும் தோற்று மின்விசிறியாகிவிட்டார். தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தார். காற்று நன்றாகவே வந்தது.

போன வாரம் நான் ‘தம்பி’யை அண்ணனிடம் தோற்றிருந்தேன். அதிலிருந்து அவர் தனக்குத்தானே தம்பி. என்னை சார் என்கிறார். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மறுநாளும் போனேன். கழுதை கெட்டால் குட்டிச்சுவர்.

இப்போது கையில் இரண்டு ராஜா. வைப்பதற்கு ‘சித்தப்பா’வும் ‘அப்பா’வும் மட்டும் மிச்சம்.

அண்ணன் மேஜையைத் தட்டினார். தட்டினால் பாஸ். சீட்டு சரியில்லை என்று அர்த்தம். நான் தைரியமாகச் சித்தப்பாவை வைத்தேன்.

அவர் உடனே மாமாவை வைத்தார். அதன் மேல் மச்சானையும் வைத்தார்.

“பாஸ்னு தட்டினீங்களே?”

“தட்டினேன் சார். இப்ப ஏத்துறேன்.”

பாஸ் சொன்னவர் ஏற்றுவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. விதியில் தடையும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. மேஜை ஒரு முழம் நீண்டது.

வாசலில் என் மகள் நறுமுகை யூனிபார்மில் வந்து நின்றாள்.

“அப்பா, ஸ்கூல்ல மீட்டிங். அப்பா இல்லாம வரக்கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க.”

“இதோ வாரேம்மா.”

ஆட்டத்தை விட்டால் சித்தப்பா போகும். அண்ணன் பிள்ளைகள் இனி என்னை அப்படிக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். தொடர்ந்தால் அப்பாவை வைக்க வேண்டும். பயமாக இருந்தது. மேலே பார்த்தேன்.

“ஆள் கம்மி,” என்றார் செயலாளர், சுற்றியபடியே. “ஆள் கம்மின்னா பொய் ஜாஸ்தி. விட்றாதீங்க.”

எல்லாவற்றையும் தோற்றவர். அனுபவம் இருக்கும். அப்பாவை வைத்தேன்.

அண்ணன் சீட்டைத் திருப்பினார். மூன்று ஏழு.

நறுமுகை உள்ளே வந்தாள். அண்ணன் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாப்பா, லேட்டாகுது.”

அவர் எழுந்தார். என் நாற்காலி வழியை மறித்துக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

“அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?”

அங்கிளும் உறவுதான். செயலாளரும் ஆட்சேபிக்கவில்லை.

“உட்காருங்க சார், ஒரே ஒரு ஆட்டம்,” என்று அண்ணனிடம் சொல்லி, அங்கிளை நடுவில் வைத்தேன்.