எதையும் விடாமல்

…அந்தப் பெண் இன்னும் பேனாவைத் தொடவில்லை, இருபது நிமிஷம் ஆகிவிட்டது, மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், வினாத்தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், படிக்கிறாளா, இல்லை சும்மா கண்ணை அதன்மேல் வைத்திருக்கிறாளா, ஆசிரியைக்கு இங்கிருந்து தெரியவில்லை. பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்தான், தேர்வறையில் மேற்பார்வைக்கு நிற்பவள் நடந்தால் யார் கேட்கப் போகிறார்கள், ஆனால் கால் எழவில்லை… அகதிகளாக வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பதினோரு வருஷம், எத்தனை பேரை இந்தத் தேர்வில் கரையேற்றியிருக்கிறாள், இதில் தேறினால்தான் மற்றவர்களோடு மேல்வகுப்பு, தவறினால் இன்னொரு வருஷம் இதே அறை, இதே படம் போட்ட புத்தகம், அதுவும் பதினெட்டு வயதில். போன மாதம் வரை இவள் தேறுவாள் என்பதில் யாருக்காவது சந்தேகம் இருந்ததா? இரண்டே வருஷத்தில் ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. நன்றாகப் பேசியதுதான் அவள் செய்த குற்றம்.

போன மாதம், அந்தச் செவ்வாய்க்கிழமை… புதிதாகச் சேர வந்த ஒரு மாணவியின் அம்மா, ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும், அதுதான் விதி, ஆனால் அந்தப் பாழாய்ப்போன காத்திருப்பு இசையை நாற்பது நிமிஷம் யார் கேட்பது, அதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிடும், அதே மொழிக்காரி இவள்தான் இருக்கிறாளே, கூப்பிட்ட குரலுக்கு வருகிறவள். 'நடமாடும் டெலிபோன்' என்று பெயர் வைத்ததே ஆசிரியைதான், வைத்துவிட்டு முதலில் சிரித்ததும் அவள்தான். "அவங்க சொல்றதுல எதையும் விடாம, எதையும் சேர்க்காம சொல்லணும், சரியா?" என்று தொழில்முறை வேறு கற்றுக்கொடுத்தாள். படிவத்தில் கேட்டது என்னமோ வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்றுதான், ஒரு எண் சொன்னால் போதும். அந்த அம்மா எண் சொல்லவில்லை. லாரியில் அடைந்து வந்ததை, சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டதை, எவ்வளவு கெஞ்சியும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தாததை, மடியில் உடம்பு சில்லிட்டுப்போனதை… இவளும் எதையும் விடவில்லை. வானிலை அறிக்கை வாசிப்பதுபோல ஒரே குரலில் சொல்லி முடித்துவிட்டு, "மிஸ், நான் எதையும் விட்டுடலையே?" என்று கேட்டாள். "பிரமாதம்மா!" என்றாள் ஆசிரியை. பிரமாதமாம்! சொன்ன நாக்கை என்ன செய்தால் தகும்?

சாயங்காலம் இவளுடைய ஃபைலை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது… இல்லை, பொய் சொல்லாதே, முன்னாலேயே தெரியும், சேர்ந்த வாரமே படித்ததுதான், குடும்ப விவரம், தங்கை, ஆறு வயது, வரும் வழியில் மரணம். படித்தாள், உச்சுக் கொட்டினாள், அலமாரியில் வைத்துப் பூட்டினாள், மறந்தும் போனாள். அந்த மறதிதான் இப்போது நெஞ்சை அறுக்கிறது. அன்றிலிருந்து இவள் வகுப்பில் வாய் திறப்பதில்லை, கேட்டால் "ஒண்ணுமில்ல மிஸ்", அதோடு சரி. மன்னிப்புக் கேட்டுவிடலாம், எத்தனை தடவை வாய்வரை வந்தது, ஆனால் கேட்டால் பழையதைக் கிளறியதாகிவிடாதா, இன்னொரு தடவை அவளை வதைத்ததாகிவிடாதா… இந்தச் சமாதானம் யாருக்குச் சௌகரியம், அவளுக்கா, உனக்கா?

பேனாவை எடுத்துவிட்டாள்! எழுதுகிறாள், ஒரு வரி, இரண்டு வரி… இனிமேல் இவளை யாரும் எதற்கும் கூப்பிடக் கூடாது, தலைமையாசிரியரிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும், சண்டை போட்டாவது, கையைக் காலைப் பிடித்தாவது… கதவு லேசாகத் திறந்தது, அலுவலக உதவியாளர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "மிஸ், புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கு, போன்ல ஆளே கிடைக்கல. அந்தப் பொண்ணு இங்கதானே இருக்கு?"

"பரீட்சை முடியட்டும், அனுப்புறேன்."

சொல்லிவிட்டாள். யோசிக்கக்கூட இல்லை, பதினோரு வருஷப் பழக்கம், வாய் தானாகவே சொல்லிவிட்டது. அனுப்புகிறேன் என்றா சொன்னேன், முடியாது என்றல்லவா சொல்ல வேண்டும், கூப்பிடு அவரை, போய்க் கூப்பிடு… அதற்குள் கதவு மூடிவிட்டது. மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அந்தப் பெண் எழுந்து, நாற்காலியைச் சத்தம் வராமல் மேஜைக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். தேர்வு முடிய இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது.